சனத்தைக் குறைக்காதீங்க

வீடியோ கேமில் ஓட்டங்கள் அளவுக்கு மிஞ்சி வந்தால் எங்கட பொடியன்கள் முதலில் கை வைப்பது துடுப்பாட்டக்காரரின் ரேட்டிங்கில்தான். 90இல் இருந்த சனத் ஜயசூரியவை 75க்கு இறக்கிவிடுவார்கள். ஓட்டம் குறையும், அது உண்மை. ஆனால் அதோடு சனத்தும் போய்விடுவார். திரையில் நிற்பது சனத்தின் சட்டையைப் போட்ட யாரோ ஒருவர். பத்தாவதாக வருகிற பந்துவீச்சாளருக்கு ஏற்கெனவே இருந்த 30 அப்படியே கிடக்கும். இருவருக்கும் நடுவில் 60 புள்ளியாக இருந்த தூரம் 45 ஆகச் சுருங்கிவிட்டது. இப்படி இன்னும் இரண்டு பேரைக் குறைத்தால் பதினொரு பேரும் ஒரே மாதிரி ஆடுகிற ஒரு அணி மிஞ்சும். அப்படி ஒரு அணியை வைத்து என்னத்தை விளையாடுவது?

கன காலமாக இதை எழுத நினைத்திருந்தேன். கட்டாரில் வேலை செய்கிற உறவினர் ஒருவர் விடுமுறையில் வரும்போது பழைய பிளேஸ்டேஷன் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதில் கிரிக்கெட் இருக்கவில்லை, இருந்தது பேஸ்போல். எம்எல்பி த ஷோ என்ற அமெரிக்க கேம். எங்கட வீட்டில் யாருக்கும் அந்த விளையாட்டு தெரியாது. எல்லே தெரியும்: தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடுவது, ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து ஆட்டமிழக்கச் செய்வது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பேஸ்போலுக்குள் போனோம். போன பிறகு ஒன்று விளங்கியது. இத்தனை வருடம் நாங்கள் கிரிக்கெட் கேமில் குருட்டுத்தனமாகத் தட்டிக்கொண்டிருந்த விஷயத்தை பேஸ்போல்காரர் ஒழுங்காகப் பிரித்து, பெயர் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அவர்களிடம் ரேட்டிங் என்பது ஆளைப் பற்றியது. ஒரு துடுப்பாட்டக்காரர் பந்தில் மட்டையைப் படவைக்கும் திறன் வலக்கை வீச்சாளருக்கு எதிராக எவ்வளவு, இடக்கை வீச்சாளருக்கு எதிராக எவ்வளவு, அடியில் உள்ள பலம் எவ்வளவு, வெளியே போகிற பந்தை விட்டுவிடும் பொறுமை எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இலக்கம். ஸ்லைடர் என்பது உலகத்தைப் பற்றியது. பந்து எவ்வளவு வேகமாக வரும், வீச்சாளர் குறிவைத்த இடத்தில் எவ்வளவு சரியாகப் போடுவார், களத்தடுப்பாளர் எத்தனை தரம் நழுவவிடுவார், ஓடுகிறவர் கால் எவ்வளவு விரையும் என்பவை அதில் வரும். இவை எல்லாருக்கும் பொது. 0 முதல் 10 வரை போகும், கம்பனி நடுவில் 5இல் வைத்துத் தரும். மனிதன் ஆடும் பக்கத்துக்கும் கம்பியூட்டர் ஆடும் பக்கத்துக்கும் வேறு வேறாக மாற்றலாம். காற்றுக்கும் ஒரு ஸ்லைடர் இருக்கிறது. அதைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

ஏனென்றால் நான் குறிஞ்சிப்பிட்டிக்காரன். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவில் ஒடுங்கிய மணல் தரையாக நீண்டு கிடக்கிறது எங்கட கற்பிட்டித் தீபகற்பம். வைகாசி தொடங்கி ஐப்பசி வரைக்கும் தென்மேற்கிலிருந்து சோழகம் அடிக்கும். வெளிநாட்டுக்காரர் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலையில் சறுக்க இங்கே வருவது அந்தக் காற்றுக்காகத்தான். நாங்கள் அந்தக் காற்றுக்குள்தான் சொஃப்ட்போல் கிரிக்கெட் ஆடி வளர்ந்தோம். டென்னிஸ் பந்துக்கு எடை கிடையாது. காற்றோடு ஓடிவந்து போட்டால் சாதாரணப் பொடியன் போடுகிற பந்தும் முகத்துக்கு முன்னால் திடீரென்று நிற்கும். காற்றை எதிர்த்துத் தூக்கி அடித்தால் சிக்ஸர் என்று நினைத்த பந்து மேலே போய், ஒரு நொடி தொங்கி, நேரே கீழே நிற்பவனின் கைக்குள் விழும். வாடைக் காலத்தில் கடல் பக்கம் போய் விழுந்த அதே அடி அது. அடித்தவனும் அவனேதான். ஆடி மாதம் அவனுக்கு ரேட்டிங் போடச் சொன்னால் 40 என்பீர்கள், மார்கழியில் 70. இரண்டுமே பிழை. அவன் 60. மிச்சத்தைச் செய்வது காற்று.

ஆளுக்கு இலக்கம் கொடுக்கும் யோசனை கம்பியூட்டருக்கு முந்தியது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வராத பாடவேளையில் புத்தகத்தைத் திறந்து கிரிக்கெட் விளையாடாதவர் யார்? இடப்பக்கத்து எண்ணின் கடைசி இலக்கம்தான் ஓட்டம், பூச்சியம் வந்தால் ஆட்டமிழப்பு. இடப்பக்கம் எப்போதும் இரட்டை எண் என்பதால் 0, 2, 4, 6, 8 என்று ஐந்து வாய்ப்பு. ஐந்தில் ஒன்று அவுட். சராசரியாக நான்கு தரம் ஓட்டம் வரும், ஒவ்வொன்றும் சராசரி 5. ஆக, 8ஐ எட்டாகவே எடுத்தால் யார் ஆடினாலும் நீண்ட கணக்கில் சராசரி 20. டெஸ்டில் அரவிந்த டி சில்வாவின் சராசரி 42.97, முரளிதரனுடையது 12க்கும் குறைவு. புத்தகத்துக்கு அது தெரியாது. அங்கே முரளி சதம் அடிப்பார், அரவிந்த பூச்சியத்துக்குப் போவார்.

அமெரிக்காவில் ஹால் ரிச்மன் என்பவர் 1961இல் இந்தக் குறையைத் தீர்த்தார். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்று தாயக்கட்டையும் அட்டையும் வைத்து ஆடும் பேஸ்போல். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு அட்டை, அதில் அவரின் உண்மையான புள்ளிவிபரத்திலிருந்து எடுத்த வாய்ப்புகள். தாயம் எல்லாருக்கும் ஒன்று, அட்டை ஆளுக்கு ஒன்று. இன்றைக்குத் திரையில் ஓடுகிற ரேட்டிங்குகளுக்கு அதுவும் ஒரு வேர்.

ஆனால் புள்ளிவிபரத்திலிருந்து ரேட்டிங் எடுத்தால் அதற்குள் காற்றும் ஆடுகளமும் விதிமுறையும் கலந்துதான் வரும். பேஸ்போலில் இதைக் காட்ட 1968ஐப் போல ஒரு வருடம் கிடையாது. அந்த வருடம் செயின்ட் லூயிஸ் அணியின் வீச்சாளர் பொப் கிப்சன், களத்தடுப்புப் பிழையால் வந்தவற்றைக் கழித்தால், ஒன்பது இனிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ஓட்டம் 1.12. அமெரிக்கன் லீக் முழுவதிலும் .300க்கு மேல் துடுப்பாட்டச் சராசரி எடுத்தவர் ஒரே ஒருவர், கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி, அதுவும் .301. மக்களுக்கு ஆட்டம் சலித்துப்போகும் என்று பயந்த நிர்வாகம் 1969இல் வீச்சாளர் நிற்கிற மண்மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக இறக்கியது. பந்து எந்த இடத்துக்குள் வந்தால் நல்ல பந்து என்று சொல்லும் ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கியது. ஒரு அணி ஒரு போட்டியில் எடுக்கும் ஓட்டம் சராசரி 3.42இலிருந்து 4.07க்கு ஏறியது. கிப்சன் 1.12இலிருந்து 2.18க்குப் போனார், ஆனாலும் அந்த வருடமும் 20 வெற்றி எடுத்தார். அவர் கெட்டுப்போகவில்லை. நிர்வாகம் ஸ்லைடரை நகர்த்தியது, அவ்வளவுதான். துடுப்பாட்டக்காரர் எல்லாரையும் திறமைசாலிகளாக மாற்ற வழி தேடாமல் மண்ணை வெட்டி எடுத்தார்களே, அதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

கிட்டடியில் 2023இலும் செய்தார்கள். ஓடுகிறவர் தொட்டுப் போகிற பேஸின் பக்க அளவை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள், வீச்சாளர் பந்து போட நேரக் கெடு வைத்தார்கள், ஓட நிற்பவரை மடக்கத் திரும்பி எறிவதற்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். 2022இல் லீக் முழுக்க 2,486 ஆக இருந்த பேஸ் திருட்டு (பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) 2023இல் 3,503 ஆனது. ஒரு குளிர்காலத்துக்குள் யாருக்கும் புதுக் கால் முளைக்கவில்லை.

எங்கட 1996 உலகக் கிண்ணத்தையும் இப்படிப் பாருங்கள். முதல் 15 ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டே பேர்தான் நிற்கலாம் என்ற விதி அதற்கு முந்திய உலகக் கிண்ணத்திலேயே இருந்தது. பெரும்பாலானவர்கள் பழைய மாதிரி மெதுவாகத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். சனத்தும் ரொமேஷ் களுவிதாரணவும் அந்த விதியைப் புரிந்துகொண்டு ஆடினார்கள். பைசலாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில் சனத் 44 பந்தில் 82. களுவிதாரண அந்தத் தொடரில் பெரிதாக ஓட்டம் எடுக்கவில்லை. சராசரியை மட்டும் பார்த்து ரேட்டிங் போடுகிற கேம்காரர் அவரைத் தூக்கி ஏழாம் இடத்தில் போட்டுவிடுவார். அவர் முதல் பந்திலிருந்தே அடிக்கப் போவார் என்ற பயத்தில் எதிரணி களத்தடுப்பை மாற்றியது எந்த இலக்கத்தில் வரும்? எனக்கு இந்த இடத்தில் கேம்களோடு பெரிய மனக்குறை உண்டு. ரேட்டிங்கில் திறமையைப் போடுகிறார்கள், மனப்போக்கைப் போடுவதில்லை. போட்டாலும் அடிப்பவன், தடுப்பவன் என்று இரண்டு பெட்டிதான்.

இனி எங்கட வீட்டில் நடந்தது. சாச்சியின் மகனும் நானும் கம்பியூட்டரையும் கம்பியூட்டரையும் மோதவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்லைடரைச் சோதிக்க அதுதான் நல்ல வழி, எங்கட கட்டைவிரலின் கெட்டித்தனம் கணக்குக்குள் வராது. பேஸ்போலில் வீச்சாளர் எல்லைக்கு வெளியே போடும் நான்கு பந்தைத் துரத்தாமல் விட்டால் துடுப்பாட்டக்காரர் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். நிஜத்தில் ஒரு அணிக்கு ஒரு போட்டியில் மூன்று அளவில் அப்படிக் கிடைக்கும். எங்கட திரையில் ஒன்றுகூட வருவது அபூர்வமாக இருந்தது.

“நானா, இவனுகளுக்குப் பொறுமையே இல்ல. எல்லாருக்கும் பொறுமை ரேட்டிங்க கூட்டிவிடவா?”

“அதுல கை வைக்காதடா. எறியிறவன் எத்தன ஸ்ட்ரைக் போடுறான்னு ஒரு ஸ்லைடர் கிடக்கும், அத ஒரு படி இறக்கு.”

5இலிருந்து 4. அவ்வளவுதான் செய்தோம். வெளியே போகிற பந்து கூடியது, பொறுமை உள்ளவர்கள் விட்டார்கள், பொறுமை இல்லாதவர்கள் துரத்திப் போய் மாட்டினார்கள். ஏற்கெனவே ரேட்டிங்குக்குள் இருந்த வித்தியாசம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிய வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் கூடுதல் பந்து போட வேண்டி வந்ததால் தொடக்க வீச்சாளர் சீக்கிரம் களைத்தார். ஏழாம் எட்டாம் இனிங்ஸ் வரை நின்றவர் ஆறாவதிலேயே வெளியேறினார். மாற்று வீச்சாளர்கள் வந்தார்கள், அவர்கள் கொஞ்சம் பலவீனம், கடைசி இனிங்ஸ்களில் ஓட்டம் ஏறியது. ஒரே ஒரு படிதான் இறக்கினோம், ஆட்டத்தின் கடைசி ஒரு மணி நேரத்தின் முகமே மாறிவிட்டது. “பொறுமையக் கூட்டியிருந்தா இது வந்திருக்குமா நானா?” என்றான். வந்திராது. எல்லாரும் ஒரே மாதிரிப் பொறுமைசாலிகளாக நின்றிருப்பார்கள்.

இதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு ஸ்லைடர், அதுவும் ஒரு படி என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். மூன்றை ஒன்றாகத் தள்ளினால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மெட்சைப் பார்த்தும் முடிவெடுக்கக் கூடாது. நிஜத்திலேயே ஒரு நாள் 50க்கு எல்லாரும் ஆட்டமிழப்பார்கள், அடுத்த நாள் 350 போகும்.

கட்டைவிரல் என்று சொன்னேன் அல்லவா, அதையும் சொல்ல வேண்டும். நாங்களே ஆடும்போது ரேட்டிங்கின் எடை குறைந்துவிடுகிறது. பட்டனைச் சரியான நேரத்தில் அமுக்கினால் கடைசி ஆளும் சிக்ஸர் அடிப்பார். ஈஏ ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07 விளையாடிய எல்லாருக்கும் இது தெரியும். பழகிய கைக்கு முரளியும் சனத்தும் அதில் ஒன்றுதான். பேஸ்போல் கேமில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அடிக்கும் முறையையே தெரிவு செய்யலாம். ஒரு முறையில் பந்து வரும் இடத்துக்கு நாங்களே குறியை நகர்த்த வேண்டும், அங்கே விரலின் திறமை பேசும். இன்னொன்றில் திசையும் நேரமும் மட்டும் எங்களுடையது, மிச்சத்தை வீரரின் ரேட்டிங் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதில் ஆடினால்தான் வீரர்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் தெரியும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கிரிக்கெட் பக்கம் இந்த வேலையைக் கொஞ்சமாவது செய்தவர்களில் சென்னைக்காரரும் உண்டு. நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியாவின் வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் 2, எங்கட பக்கத்துப் பொடியன்கள் ஃபோனில் ஆடிய கேம். 2015இல் வந்தது. அதில் ஆடுகளத்தை டெட், டஸ்டி, க்ரீன் என்று மாற்றலாம், பந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும். மூன்று வகைதான், பேஸ்போலின் நீண்ட பட்டியலுக்கு முன்னால் சிறியதுதான். ஆனால் சின்ன ஃபோனுக்குள், காசு கொடுக்காமல், ஆடுகளம் ஆட்டத்தை மாற்றும் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துப் படித்தது அதில்தான். அதை நான் பெரிய காரியமாக மதிக்கிறேன். அணியின் பெயர்களையும் அதில் மாற்றி எழுதலாம். உரிமம் இல்லாததால் உண்மைப் பெயர் வராது, நாங்கள்தான் எழுதிக்கொள்வோம்.

உரிமப் பிரச்சினை பெரிய நாட்டிலும் உண்டு. பேஸ்போலின் மிகப் பெரிய அடிகாரர் பெரி பொன்ட்ஸ் வீரர் சங்கத்தின் கூட்டு உரிமத்திலிருந்து 2003இல் விலகியதால், எம்விபி பேஸ்போல் 2005இல் அவர் பெயரைப் போட முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோ அணியில் அவர் நின்ற இடத்தில் ஜோன் டவுட் என்று ஒருவர் நின்றார். உலகத்தில் இல்லாத ஆள், பொன்ட்ஸின் அடி. பெயரையும் முகத்தையும் எடுத்த பிறகும் இலக்கம் மட்டுமே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் என்றால், அந்த இலக்கத்தைக் கண்டபடி கூட்டிக் குறைப்பது எவ்வளவு பெரிய அழிப்பு என்று யோசியுங்கள்.

அவுஸ்திரேலியாவின் பிக் ஆன்ட் நிறுவனம் 2014இல் டொன் பிராட்மன் கிரிக்கெட் 14ஐ வெளியிட்டபோது இந்த வேலையை ரசிகர் கையிலேயே கொடுத்துவிட்டது. யார் வேண்டுமானாலும் வீரரை உருவாக்கி, இலக்கம் போட்டு, மற்றவர்களோடு பகிரலாம். நல்ல யோசனை. ஆனால் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்தவருக்கு அள்ளிப் போட்டார்கள். ஒருவர் செய்த இலங்கை அணியும் வேறொருவர் செய்த இந்திய அணியும் மோதும்போது இரண்டு வேறு தராசில் நிறுத்த சாமான் மாதிரி ஆகிவிடும். 85 என்றால் என்ன என்று எல்லாரும் ஒத்துக்கொள்ளாதவரை 85க்கு அர்த்தமில்லை. அணியை மாற்றினால் ஒரே கையால் செய்த அணிகளாக எடுங்கள். ஒரு அணியை மட்டும் வெளியிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு ஸ்லைடரைத் திருத்தினால் எந்தக் காலத்திலும் சரிவராது.

விதி மாறும்போது ஸ்லைடரும் மாற வேண்டும், இதை கிரிக்கெட் ரசிகர் கவனிப்பதில்லை. ஒருநாள் போட்டியில் 2011 ஒக்டோபரிலிருந்து இரண்டு முனைக்கும் இரண்டு புதுப் பந்து. ஒவ்வொரு பந்தும் 25 ஓவர்தான் தேயும், ரிவர்ஸ் சுவிங் ஏறக்குறைய மறைந்துபோனது. 2025 ஜூலையில் அதைத் திருத்தி, 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்து என்றார்கள். பழைய கேமில் இப்போதைய ஒருநாள் போட்டியை ஆடுகிறவர்கள் கடைசி 16 ஓவருக்கான பந்துத் தேய்மானத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். யோக்கர் போடுகிறவர்களின் ரேட்டிங்கைத் தொடாமலே அவர்களின் பெறுமதி கூடும்.

ரேட்டிங்கையே தொடக்கூடாதா என்று கேட்பீர்கள். தொட வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குப் பெரிய தலையிடி அஜந்த மெண்டிஸ். 2008 ஆசியக் கிண்ண இறுதியில் கராச்சியில் இந்தியாவுக்கு எதிராக 13 ஓட்டத்துக்கு 6 விக்கெட். அதே வருடம் தன் முதல் டெஸ்ட் தொடரில் இந்தியாவுக்கு எதிராக மூன்றே போட்டியில் 26 விக்கெட். விரலால் சுண்டிவிட்ட அந்தப் பந்து எந்தப் பக்கம் போகும் என்று உலகத்தின் பெரிய பெரிய ஆட்களுக்கே தெரியவில்லை. பிறகு துடுப்பாட்டக்காரர் பார்த்துப் பார்த்துப் பழகினார்கள். மிச்சம் ஆடிய 16 டெஸ்டில் அவர் எடுத்தது 44 விக்கெட். மெண்டிஸின் விரல் மாறவில்லை, எதிரில் நின்றவரின் கண் மாறியது. இதற்கு ஸ்லைடர் கிடையாது. மொத்த டெஸ்ட் புள்ளிவிபரத்தை எடுத்தால் சாதாரண வீச்சாளர் ஒருவர் கிடைப்பார், 2008ஐ மட்டும் எடுத்தால் முரளியையே தாண்டிப் போவார்.

நாங்கள் இரண்டு மெண்டிஸ் செய்து வைத்திருக்கிறோம், இரண்டு தனித்தனி ஃபைலில். 2008 ஜூலை ஃபைலில் அவருக்கு 92. அந்த இந்திய அணியை விழுத்த 92 போதாமல் இருக்கிறது. போன கிழமை சாச்சியின் மகன், இந்தியத் துடுப்பாட்டக்காரர் எல்லாருக்கும் சுழற்பந்து ரேட்டிங்கில் பத்துப் பத்தாகக் குறைத்துவிடலாம் என்றான். அந்தத் தொடரில் காலியில் நடந்த டெஸ்டை எடுத்துக் காட்டினேன். மெண்டிஸ் அந்தப் போட்டியில் பத்து விக்கெட் எடுத்தார். அதே போட்டியில் வீரேந்தர் ஷேவாக் தொடக்கத்தில் இறங்கி, இந்தியா 329க்கு எல்லாரும் ஆட்டமிழக்கும்வரை நின்று, 201 எடுத்து ஆட்டமிழக்காமல் வெளியே வந்தார். எல்லாருக்கும் பத்துக் குறைத்தால் அந்த 201 எங்கிருந்து வரும்? ஷேவாக்கை விட்டுவிட்டு மற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். டிராவிடிலிருந்து தொடங்குகிறோம்.